அந்நியர் யார்?

“தெரியாதவர்களிடம் பேசாதே.” நகரத்தில் வாழும் குடும்பங்களில் மூன்று வயதுக் குழந்தைக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்படும் பாதுகாப்பு விதி இதுவே. பள்ளி வண்டியில் ஏற்றிவிடும்போதும், கடைவீதியில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதும், ஊருக்குப் புறப்படும்போதும் இவ்விதி திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சொல்பவரின் அக்கறையில் ஐயமில்லை. ஆயினும் குழந்தையைக் காக்க இவ்விதி போதுமானதன்று. சில வேளைகளில் அதற்கு இடையூறாகவும் ஆகிவிடுகிறது என்பது என் கருத்து.

மாணவர்களே, இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லாமல் உங்கள் பாடநூலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் தம்பியையோ தங்கையையோ பள்ளி வண்டியிலிருந்து இறக்கி, படியேற்றி, கதவைத் திறந்து உள்ளே அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் நீங்களே. மேலும், சிறு குழந்தை அம்மாவின் அறிவுரையைவிட அக்காவின் பேச்சை விரைவில் ஏற்றுக்கொள்ளும்.

முதலில் இவ்விதியைக் கடைப்பிடிக்க முடியுமா என்று பார்ப்போம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்றோர் நாள்தோறும் பேசுவது தெரியாதவர்களிடமே. ஆட்டோ ஓட்டுநரிடம் வழி சொல்கிறோம். காய்கறி வண்டிக்காரரிடம் விலை பேசுகிறோம். வாயிற்காவலரிடம் பொட்டலத்தை வாங்கி வைக்கச் சொல்கிறோம். நான் பணிமாறுதல் பெற்றுத் தில்லிக்கு வந்து இறங்கிய வாரத்தில் சமையலுக்கு எரிவாயு உருளையை இரவல் தந்து உதவியவர், அதுவரை பெயர்கூட அறியாத பஞ்சாபிப் பெண்மணி ஒருவர். தெரியாதவர்களின் நல்லெண்ணம் இல்லாவிட்டால் புலம்பெயர்ந்த குடும்பம் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது. குழந்தை இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. பெரியவர்கள் தாமே மீறுகிற விதியை அது எப்படிப் பொருட்படுத்தும்?

அடுத்த இடர்ப்பாடு நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழர் யாரையும் உறவுமுறை சொல்லியே அழைப்பர். பால் ஊற்றுபவர் அண்ணன், பூ விற்பவர் அக்கா, பேருந்தில் இடம் கொடுத்தவர் தாத்தா, எதிர்வீட்டுக்காரர் மாமா. இங்கே வந்த பிறகு ‘பையா’, ‘தீதி’, ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்பனவும் சேர்ந்துகொண்டன. இது அழகான வழக்கம். இதைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், பெரியவர்களுக்கு மரியாதைச் சொல்லாக இருப்பது நான்கு வயதுக் குழந்தைக்கு உண்மை உறவாகத் தோன்றுகிறது. பள்ளி வண்டி ஓட்டுநர் தெரியாதவரா என்று கேட்டால், “இல்லை, அவர் அண்ணா” என்று குழந்தை விடை கூறும். ‘அங்கிளுக்கு வணக்கம் சொல்லு’ என்று நாம் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அந்த மனிதர் குழந்தையின் கணக்கில் அந்நியர் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறார்.

அப்படியானால் குழந்தையின் மனத்தில் அந்நியர் என்பவர் யார்? தொடக்க வகுப்புக் குழந்தைகளிடம் அந்நியர் ஒருவரைப் படமாக வரையுமாறு ஒருமுறை கேட்டேன். ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் ஒரே ஆள்தான் இருந்தார்: தாடி, கிழிந்த சட்டை, முதுகில் மூட்டை. ஒரு குழந்தைகூடப் பெண்ணை வரையவில்லை. கண்ணாடி அணிந்து, மடிப்புக் கலையாத சட்டையுடன் புன்னகைக்கும் மனிதரையும் எவரும் வரையவில்லை. தமிழ்நாட்டில் ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்றும், இங்கே ‘ஜோலிவாலா பாபா’ என்றும் சோறூட்டும்போது சொல்லி அச்சுறுத்துகிறோமே, அந்த ஆள்தான் அவர். சோறு இறங்குவதற்காகச் சொன்ன பொய், குழந்தையின் மனத்தில் பாதுகாப்புப் பாடமாகப் பதிந்துவிட்டது. அதனால் ஏழையைக் கண்டால் அஞ்சவும் நன்கு உடுத்தியவரைக் கண்டால் நம்பவும் குழந்தை பழகிவிடுகிறது.

இவ்வகை அச்சம் வீட்டோடு நிற்பதில்லை. 2018ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் புகுந்துவிட்டனர் என்ற வதந்தி கைப்பேசி வழியே நாடெங்கும் பரவியதை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பர். அவ்வாண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த சென்னைக் குடும்பத்தினர் வழியில் நின்றனர். அவர்களுள் இருந்த மூதாட்டி ஒருவர் அங்கு விளையாடிய குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்றுத் திரண்ட கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. ஜூலை முதல் நாளில் மகாராட்டிர மாநிலம் துளே மாவட்டத்தில், ஊர் ஊராகச் சென்று இரந்து வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் அதே ஐயத்தால் கொல்லப்பட்டனர். தமிழ்நாட்டில் இந்தி பேசியதாலேயே ஐயத்துக்கு ஆளாகித் தாக்கப்பட்டவர்களும் உண்டு. அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது.

இந்நிகழ்ச்சிகளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வேற்று மொழி பேசுவோரைக் கண்டு அஞ்சு என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தால், இந்த நகரத்தில் அந்த வேற்று மொழி பேசுவோர் யார்? நாம்தாம். நம் அண்டை வீட்டுக் குழந்தைக்கு நாமே அந்நியர்.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடம் உண்டு. இங்கு வளரும் குழந்தை வீட்டுக்கு வெளியே தமிழைக் கேட்பது அரிது. கோயிலிலோ சந்தையிலோ ஒருவர் திடீரென்று தமிழில், “கண்ணு, உன் பேர் என்ன?” என்று கேட்டுவிட்டால் அதன் முகம் மலர்ந்துவிடுகிறது. நமக்கும் அப்படித்தான். கூட்டத்தில் ஒரு தமிழ்க் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்கிறோம். எந்த ஊர் என்று கேட்கிறோம். திருநெல்வேலி என்றால் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு அழைத்துவிடுகிறோம். அம்மகிழ்ச்சி இயல்பானது. ஆனால் தமிழ் பேசுவது நற்சான்றிதழ் ஆகாது. ‘நம்ம ஊர்க்காரர்’ என்பது ஒருவரின் பிறப்பிடத்தைச் சொல்லுமேயன்றி நடத்தையைச் சொல்லாது. இதைக் குழந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கக் கூடாது.

இன்னும் கடினமான உண்மை ஒன்று உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளின்படி, குழந்தைகளுக்கு எதிரான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அக்குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவர். அவர் உறவினராகவோ, அண்டை வீட்டாராகவோ, குடும்ப நண்பராகவோ, வீட்டுக்கு வந்து செல்லும் ஒருவராகவோ இருக்கிறார். தெரியாதவர்களிடம் பேசாதே என்ற விதி இவர்கள் எவரிடமிருந்தும் குழந்தையைக் காப்பதில்லை. மாறாக, தெரிந்தவர் எல்லாரும் நல்லவர் என்ற பொருளையும் அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

எனவே நான் வற்புறுத்துவது இது: ஆளைக் காட்டி எச்சரிப்பதை விடுத்துச் செயலைக் காட்டி எச்சரிக்க வேண்டும். யார் கேட்கிறார் என்பது குழந்தைக்கு எளிதில் விளங்காது; என்ன கேட்கிறார் என்பது விளங்கும்.

எடுத்துக்காட்டாக, உதவி கேட்டு வருபவரைக் கொள்வோம். வழி தெரியாத பெரியவர் இன்னொரு பெரியவரிடம் கேட்பார், கைப்பேசியில் பார்ப்பார். காணாமற்போன நாய்க்குட்டியைத் தேட ஐந்து வயதுக் குழந்தையைத் துணைக்கு அழைக்க வேண்டிய தேவை எந்தப் பெரியவருக்கும் இல்லை. ஆகவே, தனியாக நிற்கும் குழந்தையிடம் ஒருவர் உதவி கேட்டு உடன் வருமாறு அழைத்தால் அக்கேள்வியே தவறானது; கேட்பவர் எவ்வளவு இனியவராயினும் சரி. குழந்தை வாய்விட்டு விடை கூற வேண்டியதில்லை. இரண்டடி பின்வாங்கி, தெரிந்த பெரியவர் இருக்கும் இடத்துக்கு ஓடிவிடலாம். அப்படி ஓடுவதை மரியாதைக் குறைவாக எவரும் கருத மாட்டோம் என்று நாம் முன்னரே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

“உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னை அழைத்துவரச் சொன்னார்” என்று ஒருவர் வருவது இன்னொரு வகை. இதற்காக ஒவ்வொரு வீடும் ஒரு மறைசொல் வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக அழைத்துவருபவர் அல்லாத எவரும் அச்சொல்லைச் சொன்னால்தான் குழந்தை உடன் செல்ல வேண்டும். ‘நாவற்பழம்’, ‘தாழ்வாரம்’ போன்ற ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள மற்றவர் எளிதில் ஊகிக்க முடியாது. குழந்தைக்கும் ழகரப் பயிற்சி கிடைக்கும். தமிழாசிரியரின் ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருமுறை பயன்படுத்திய சொல்லை உடனே மாற்றிவிட வேண்டும்.

தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரிடமும் பொருந்தும் விதி ஒன்று உண்டு: “கேட்டுவிட்டு வருகிறேன்.” ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்வதற்கு முன்பும், எதையேனும் வாங்கிக்கொள்வதற்கு முன்பும், ஒரு வண்டியில் ஏறுவதற்கு முன்பும் அப்போது தன்னைக் கவனித்துக்கொள்பவரிடம் குழந்தை கேட்க வேண்டும். மாமாவோடு கடைக்குச் செல்வதானாலும் இதுவே முறை. நல்லெண்ணம் கொண்டவர், “ஓ, கேட்டுவிட்டு வா” என்பார். “கேட்கவெல்லாம் வேண்டாம், விரைவில் வந்துவிடலாம்” என்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். தொடர்வண்டிப் பயணத்திலும் இவ்விதி நன்கு பயன்படும். தில்லியிலிருந்து தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறினால் சென்னை சேர ஏறக்குறைய 33 மணி நேரம் ஆகிறது. இரண்டு இரவுகள் எதிர் இருக்கைக்காரரிடம் பேசாமல் இருக்க எந்தக் குழந்தையாலும் முடியாது, இருக்கவும் வேண்டாம். போபாலில் ஏறியவரிடம் விடுகதை கேட்கட்டும். நாக்பூரில் இறங்குபவருக்குக் கையசைக்கட்டும். பிஸ்கட்டை நீட்டினால் மட்டும், “அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லட்டும். அறிமுகமற்றோர் தரும் உணவை உண்ண வேண்டாம் என்று நிலையங்களில் அறிவிப்புச் செய்வது பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

மறைவு பற்றியும் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டும். அப்பாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டையை ஒளித்து வைப்பது வேறு. “இதை அம்மாவிடம் சொல்லாதே” என்று ஒரு பெரியவர் சொல்வது வேறு. முன்னது இரண்டு நாளில் எல்லாருக்கும் தெரிந்து மகிழ்ச்சி தரும். பின்னது எவருக்கும் தெரியவே கூடாது என்று சொல்லப்படுவது. எந்தப் பெரியவரும் குழந்தையிடம் அப்படி ஒன்றைக் கேட்கக் கூடாது. கேட்டால், அன்றே வந்து சொல்ல வேண்டும். இணைய விளையாட்டில் பழகும் முகமறியா நண்பர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

உடல் பற்றிய பாடமும் இதனோடு சேர்ந்ததே. விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் உறவினர் பலர் கன்னத்தைக் கிள்ளுவர். மடியில் இழுத்து அமர்த்துவர். “ஒரு முத்தம் கொடு” என்பர். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் அவர்கள் குழந்தைக்குப் புதியவர்கள். அது தயங்கினால், “இந்திக்காரப் பிள்ளையாகிவிட்டது” என்று கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். தன் உடலை யார் தொடலாம் என்பதில் குழந்தைக்கும் ஒரு சொல் உண்டு என்று பள்ளியில் கற்பித்துவிட்டு, வீட்டில் அச்சொல்லை மறுப்பது முரண். கைகூப்பி வணக்கம் சொன்னால் போதும் என்று குழந்தையின் பக்கம் நின்று சொல்லுங்கள். உங்கள் வயதில் நீங்கள் சொன்னால் பாட்டி சினந்துகொள்ள மாட்டார், ஒருகால் சிரித்துவிடுவார்.

சிறு வயதில் இவற்றையெல்லாம் சொன்னால் குழந்தை மிரண்டுவிடாதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. சாலையைக் கடக்கக் கற்பிக்கும்போது விபத்தை விவரித்து அச்சுறுத்துகிறோமா? இருபுறமும் பார், கையைப் பிடித்துக்கொள் என்று செய்முறையைத்தான் கற்பிக்கிறோம். இதையும் அவ்வாறே விளையாட்டாக நடித்துப் பழக்கலாம். நீங்கள் நாய்க்குட்டியைத் தொலைத்தவராக நடியுங்கள். தங்கை பின்வாங்கி ஓடட்டும். நான்கு முறை நடித்தால் போதும்.

விருந்தோம்பலைப் போற்றும் தமிழர் பண்பாட்டுக்கு இது முரணானது என்பது மற்றொரு மறுப்பு. இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். திருக்குறளில் விருந்தோம்பல் 9ஆம் அதிகாரம். அதே நூலின் 51ஆம் அதிகாரத்துக்குத் ‘தெரிந்து தெளிதல்’, அதாவது ஆராய்ந்து பின் நம்புதல், என்று பெயர். அஃது அரசன் தனக்குரிய பணியாளரைத் தேர்வது பற்றியதே. குழந்தை வளர்ப்புப் பற்றியதன்று. எனினும் வரவேற்பதும் ஆராய்வதும் ஒரே மனிதரிடம் இருக்கக்கூடிய பண்புகளே என்பதற்கு அந்நூல் சான்று. விருந்தினரை வரவேற்பது வீட்டுப் பெரியவர்களின் கடமை. அவரோடு தனியே எங்கும் செல்வது குழந்தையின் கடமையன்று.

குழந்தை ஏதேனும் சொல்லும்போது வீட்டார் அதை எப்படிக் கேட்கின்றனர் என்பது எல்லாவற்றினும் முதன்மையானது. “அந்த மாமாவைப் பிடிக்கவில்லை” என்று அது சொன்னவுடன், “சீ, பெரியவர்களை அப்படிச் சொல்லக் கூடாது” என்று வாயடைத்துவிட்டால் அடுத்த முறை அது சொல்லாது. ஏன் என்று மெதுவாகக் கேளுங்கள். கேட்டதை உடனே அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். நீங்களே தீர்த்துவிட முயல வேண்டாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது, உங்களையும் சேர்த்துத்தான். குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கடமையாகவும் அச்சட்டம் ஆக்கியுள்ளது. தீங்கு எதுவாயினும், வீட்டில் சொல்ல இயலாத நிலையாயினும், 1098 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 1996இல் மும்பையில் தொடங்கிய உதவி எண் அது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குமுகமாகச் சொல்லிக் கொடுத்தால் சிறு குழந்தைக்கும் மறக்காது.

இறுதியாக, குழந்தை கூட்டத்தில் தொலைந்துபோகும் நிலை. தெரியாதவர்களிடம் பேசாதே என்று மட்டும் கற்ற குழந்தை அங்கே செயலற்று நின்றுவிடும், அழும், உதவ வருபவரைக் கண்டு ஒளியும். அப்போது அதைக் காக்கப்போகிறவர் ஒரு தெரியாதவரே. எந்தத் தெரியாதவரை அணுக வேண்டும் என்பதையே அதற்குக் கற்பிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே நின்று உரக்க அழைக்கலாம். எவரும் வராவிட்டால், குழந்தையுடன் இருக்கும் ஒரு தாயிடமோ, சீருடைக் காவலரிடமோ, கடையின் பணம் பெறும் மேசையில் இருப்பவரிடமோ செல்லலாம். நிலையங்களில் தொடர்வண்டிப் பாதுகாப்புப் படையினர் இருப்பர். பெரிய நிலையங்கள் பலவற்றில் குழந்தைகளுக்கான உதவி மையமும் உண்டு.

அங்கே போய் என்ன சொல்வது? இங்குதான் நம் வீட்டுக் குழந்தைகள் தடுமாறுகின்றனர். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால், “அம்மா” என்கின்றனர். கைப்பேசி எண்ணை ஆங்கிலத்தில் பாட்டாகப் பாடத் தெரிகிறது; நடுவில் நிறுத்திக் கேட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தில்லியில் தொலைந்தால் இந்தியில் சொல்ல வேண்டும். விடுமுறையில் மதுரைச் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் தமிழில் சொல்ல வேண்டும். அங்கே தாத்தாவின் ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அதற்குள் அம்மா அப்பாவின் முழுப்பெயர், ஒரு கைப்பேசி எண், இங்குள்ள முகவரி, ஊரிலுள்ள முகவரி ஆகிய நான்கையும் உங்கள் தம்பி தங்கையர் இரு மொழிகளிலும் தடையின்றிச் சொல்லும்படி பழக்கிவிடுங்கள். வகுப்பில் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்.